மாதம் 109 ரிங்கிட் என்பது விலை அல்ல

மாணவர்களே, முதலில் ஓர் எளிய கேள்வி. ஒரு விரைவுப் பேருந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது எவ்வளவு தூரம் போயிருக்கும்?

"எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லவில்லையே, டீச்சர்" என்பீர்கள். சரிதான். வேகம் வேறு, தூரம் வேறு. நேரம் தெரியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கண்டுபிடிக்க முடியாது. இதை இரண்டாம் படிவ மாணவரும் அறிவார்.

அடுத்த கேள்வி. கைப்பேசிச் செயலியில் ஒரு சோடி விளையாட்டுக் காலணி. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் "மாதம் 109 ரிங்கிட்" என்று இருக்கிறது. அதன் விலை என்ன?

வகுப்பில் இதைக் கேட்கும்போது முதலில் எழும் குரல்களில் ஒன்றாவது "109 ரிங்கிட்" என்று சொல்லும். பேருந்துக் கேள்வியில் ஏமாறாத அதே மாணவர்தான் இங்கே ஏமாறுகிறார். 109 ரிங்கிட் என்பது மாதத்துக்கு இவ்வளவு என்று சொல்லும் ஒரு வீதம். அது வேகத்தைப் போன்றது. விலை என்பது மொத்த அளவு. அது தூரத்தைப் போன்றது. எத்தனை மாதம் என்று தெரியாமல் விலையைச் சொல்லவே முடியாது.

அறிவியல் பக்கத்தில் காசுக் கணக்கு எதற்கு என்று நினைக்கலாம். அளவையும் அலகையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது அறிவியலின் முதல் பாடம். அந்தப் பாடத்தைத் தேர்வுத் தாளில் சரியாக எழுதிவிட்டுக் கடைக்குப் போகும்போது மறந்துவிடுகிறோம். இந்த மறதி வருமானத்தில் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் எஸ்.பி.எம். முடித்து, முதல் சம்பளம் வாங்கி, முதல் மோட்டார் சைக்கிளுக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். 18 வயது நிறைந்துவிட்டால் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து செல்லும். அதற்கு முன் இதைப் பேசிவிட வேண்டும்.

கதவு திறந்திருக்கிறது, கணக்கு தெரியவில்லை

நம் நாட்டில் நிதிச் சேவை எட்டாக்கனியாக இருந்த காலம் பெரும்பாலும் மாறிவிட்டது. உலக வங்கியின் கணக்குப்படி 2014ஆம் ஆண்டில் மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 81 விழுக்காட்டினரிடம் வங்கிக் கணக்கோ அதுபோன்ற நிதிக் கணக்கோ இருந்தது. 2021இல் அது 88 விழுக்காடாக உயர்ந்தது. இதற்கு மேல் மின்பணப்பை, இணைய வங்கிச் சேவை, 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' திட்டங்கள் எல்லாம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டன.

அதே 2014ஆம் ஆண்டில் 140க்கும் மேற்பட்ட நாடுகளில், 1,50,000க்கும் அதிகமான பெரியவர்களிடம் நிதியறிவு பற்றி ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. எளிய வட்டி, கூட்டு வட்டி, பணவீக்கம், முதலீட்டு அபாயத்தைப் பிரித்து வைத்தல் ஆகிய நான்கு கருத்துகளைப் பற்றிக் கேட்டார்கள். நான்கில் மூன்றைச் சரியாக அறிந்தவர் நிதியறிவு உள்ளவர். உலக அளவில் 33 விழுக்காட்டினர் தேறினார்கள். சிங்கப்பூரில் 59 விழுக்காடு. மலேசியாவில் 36 விழுக்காடு.

81ஐயும் 36ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்போர் நூற்றுக்கு 81 பேர், ஆனால் பிரேக் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர் 36 பேர் என்று ஒரு நாடு இருந்தால் அங்கே சாலையில் இறங்குவீர்களா?

இது பெரியவர்களின் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா மதிப்பீட்டின் நிதியறிவுப் பகுதியில் 2022இல் மலேசியா பங்கேற்றது. பங்கேற்ற ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 498 புள்ளி. நம் மாணவர்கள் பெற்றது 406. அந்தப் பகுதியில் பங்கேற்ற 20 நாடுகள், வட்டாரங்களில் நமக்குக் கடைசி இடம். அந்தத் தேர்வை எழுதியவர்களும் உங்களைப் போன்ற இடைநிலைப்பள்ளி மாணவர்கள்தாம்.

காலணியின் உண்மையான விலை

இனி அந்தக் காலணியை ஆய்வுக்கூட மேசைமேல் வைப்போம். இது நானே உருவாக்கிய எடுத்துக்காட்டு. எந்த நிறுவனத்தையும் குறிப்பதல்ல. ரொக்க விலை 600 ரிங்கிட். ஆறு மாதத் தவணை. மாதந்தோறும் 1.5 விழுக்காடு 'சேவைக் கட்டணம்' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது.

600இல் 1.5 விழுக்காடு 9 ரிங்கிட். ஆறு மாதத்துக்கு 54 ரிங்கிட். ஆக மொத்தம் 654. அதை ஆறால் வகுத்தால் 109. திரையில் நாம் பார்த்த எண் இப்படித்தான் வந்தது.

"54 ரிங்கிட்தானே, பரவாயில்லை" என்று தோன்றும். சற்று நில்லுங்கள். மாதம் 1.5 என்றால் ஆண்டுக்கு 18 விழுக்காடு என்று நினைப்பீர்கள். அதுவும் தவறு. ஏன் என்று பார்ப்போம்.

முதல் மாதத்தில் உங்கள் கையில் இருப்பது 600 ரிங்கிட் கடன். ஒரு தவணை கட்டியபின் 500. பிறகு 400, 300, 200, 100. ஆறையும் கூட்டினால் 2,100. சராசரி 350. அதாவது அரையாண்டு முழுவதும் நீங்கள் 600 ரிங்கிட்டைக் கடனாக வைத்திருக்கவே இல்லை. சராசரியாக 350 ரிங்கிட்டைத்தான் வைத்திருந்தீர்கள். ஆனால் கட்டணம் மட்டும் கடைசி மாதம் வரை முழு 600க்கும் கணக்கிடப்பட்டது.

350க்கு 54 என்பது அரையாண்டில் 15 விழுக்காட்டுக்கும் மேல். ஓராண்டுக்கு அது 30 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வங்கித் துறையின் துல்லியமான சூத்திரத்தைப் போட்டாலும் விடை ஏறக்குறைய 30தான். எழுதப்பட்டது 1.5. மனம் நினைத்தது 18. உண்மை 30.

இந்தக் கணக்கு முறைக்கு நிலைவட்டி முறை என்று பெயர். நம் நாட்டில் வாடகைக் கொள்முதல் முறையில் வாகனம் வாங்கியவர்களுக்கு இது நெடுங்காலப் பழக்கம். 10,000 ரிங்கிட் கடனை 10 விழுக்காடு நிலைவட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால் வட்டி 5,000. மொத்தம் 15,000. மாதம் 250. ஆனால் குறைந்துகொண்டே வரும் கடனை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 17 விழுக்காட்டுக்கும் சற்று அதிகம். உங்கள் அண்ணனோ மாமாவோ மோட்டார் சைக்கிளைத் தவணையில் வாங்கியிருந்தால், "மாதம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே சொல்வார். "மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். பலர் யோசிப்பார்கள்.

எல்லாத் திட்டங்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. வட்டியே இல்லாத மூன்று தவணைத் திட்டங்களும் உள்ளன. நாள் தவறாமல் கட்டினால் அவற்றில் கூடுதலாக ஒரு காசும் போகாது. தவறினால் தாமதக் கட்டணம். எது எப்படிப்பட்ட திட்டம் என்று பிரித்தறியும் திறமைதான் நிதியறிவு.

கடனுக்கும் அரை ஆயுள் உண்டு

இயற்பியலில் அரை ஆயுள் என்ற கருத்தைப் படிப்பீர்கள். மலாய்ப் பாடநூலில் அது 'செப்பாரோ ஹாயாட்'. ஒரு கதிரியக்கப் பொருளில் பாதி சிதைய எடுக்கும் காலம் அது. அயோடின்-131க்கு 8 நாள். கார்பன்-14க்கு ஏறக்குறைய 5,730 ஆண்டு.

கடன்பற்று அட்டையில் வாங்கிய கடனுக்கும் ஓர் அரை ஆயுள் உண்டு. மலேசியாவில் கடன்பற்று அட்டைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி விதிக்கலாம். மாதத்துக்கு 1.5. ஒவ்வொரு மாதமும் நிலுவையில் 5 விழுக்காட்டைக் கட்டினால் போதும் என்பது குறைந்தபட்சத் தொகை. பொதுவாக அது 50 ரிங்கிட்டுக்குக் குறையாது.

ஒருவர் 2,000 ரிங்கிட் கைப்பேசியை அட்டையில் வாங்கி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு மாதமும் கடன் முதலில் 1.015 மடங்காக வளர்கிறது. பிறகு 5 விழுக்காடு கட்டியதால் 0.95 மடங்காகக் குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் 0.96425. அதாவது 5 விழுக்காடு கட்டியும் கடன் குறைவது மாதம் 3.6 விழுக்காடுதான்.

கணிப்பானில் 0.96425ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பாருங்கள். 19ஆவது தடவை விடை 0.5 அருகே வந்து நிற்கும். இந்தக் கடனின் அரை ஆயுள் 19 மாதம்.

அந்த 19 மாதத்தில் அவர் கட்டியது ஏறக்குறைய 1,417 ரிங்கிட். குறைந்த கடனோ ஏறக்குறைய 1,000 மட்டுமே. மீதி வட்டியாகப் போயிற்று. அதன்பின் மாதம் 50 ரிங்கிட் கட்டினாலும் கடன் தீர இன்னும் இரண்டு ஆண்டு ஆகும். மொத்தம் 43 மாதம். மொத்தச் செலவு 2,600 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். அந்தக் கைப்பேசி அதுவரை வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி.

அட்டையைத் தேய்த்தவர் சோம்பேறியும் அல்லர், ஏமாற்றுக்காரரும் அல்லர். ஒவ்வொரு மாதமும் வங்கி கேட்டதைத் தவறாமல் கட்டியவர். அவருக்கு ஒழுக்கம் இருந்தது. பெருக்கல் தொடர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை யாரும் காட்டித் தரவில்லை.

மூளைக்கு வலிக்காத விலை

கணக்கு தெரிந்தவர்களும் சில நேரம் தடுமாறுகிறார்கள். அதற்குக் காரணம் நம் மூளை பணத்தை உணரும் விதம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தி 2001இல் வெளியிட்டார்கள். கிடைப்பதற்கரிய கூடைப்பந்துப் போட்டி நுழைவுச் சீட்டுகளை வணிகத் துறை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். வெற்றி பெற்றால் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று ஒரு பிரிவினரிடம் சொன்னார்கள். அட்டையில் கட்டலாம் என்று மற்றொரு பிரிவினரிடம் சொன்னார்கள். அட்டைப் பிரிவினர் சராசரியாக ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். நுழைவுச் சீட்டு ஒன்றேதான். கட்டும் வழி மட்டுமே மாறியது. அதுவும் அவர்கள் வணிகம் படிக்கும் முதுநிலை மாணவர்கள்.

2007இல் பிரையன் நட்சன் குழுவினர் மூளை வருடிக் கருவிக்குள் ஆள்களைப் படுக்கவைத்து, பொருள்களையும் விலைகளையும் காட்டினார்கள். பிடித்த பொருளைக் கண்டபோது வெகுமதியை எதிர்பார்க்கும் பகுதி சுறுசுறுப்பானது. விலை மிகை என்று தோன்றியபோது, வலி போன்ற விரும்பத்தகாத உணர்வுகளோடு தொடர்புடைய 'இன்சுலா' என்ற பகுதி செயல்பட்டது. வாங்கும் முடிவு இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியைப் போல இருந்தது.

இப்போது 'மாதம் 109 ரிங்கிட்' என்பதை மீண்டும் பாருங்கள். பொருளின் படம் பெரிதாக இருக்கிறது. விலையோ துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் பின்னாளுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. ஆசையின் பக்கம் எடை கூடுகிறது, தயக்கத்தின் பக்கம் குறைகிறது. இது தற்செயலாக அமைந்த வடிவமைப்பு என்று நான் நம்பவில்லை.

நம் தாத்தா பாட்டி காலத்திலும் 'பிறகு கட்டு' இருந்தது. தோட்டத்து மளிகைக் கடையில் அரிசியும் பருப்பும் வாங்கிவிட்டுச் சம்பள நாளில் கட்டுவார்கள். கடைக்காரர் அதைச் சிறிய 555 புத்தகத்தில் எழுதிவைப்பார். அதிலும் சுரண்டல் நடந்ததுண்டு. கடனில் மூழ்கிய குடும்பங்களும் உண்டு. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. எல்லாக் கடனும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும். கீழே மொத்தம் இருக்கும். கணக்கு நீண்டால் கடைக்காரரே "முதலில் பழையதைக் கட்டுங்கள்" என்று நிறுத்துவார். இன்று ஒருவர் மூன்று செயலிகளில் ஐந்து பொருள்களுக்குத் தவணை கட்டலாம். ஒரு செயலியில் உள்ள கடன் மற்றொன்றின் திரையில் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும் கடைசி வரி எங்கும் இல்லை.

அப்படியானால் கதவை மூடிவிடலாமா?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கடனே வேண்டாம், ரொக்கம் ஒன்றே போதும்" என்று சிலர் முடிவு செய்யக்கூடும். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிதிச் சேவை எட்டாத இடத்தில் ஏழைகள் மேலும் அதிக விலை கொடுக்கிறார்கள்.

சேமிப்பு இல்லாத குடும்பம் மலிவாகக் கிடைக்கும் பெரிய மூட்டை அரிசியை வாங்க முடியாமல் சிறுசிறு பொட்டலமாக வாங்கும். கூட்டிப் பார்த்தால் கிலோவுக்கு அதிகம் கொடுத்திருக்கும். வங்கி கடன் தராத நாளில் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அடகுக்கடைக்கோ ஆ லோங்கிடமோ போக நேரிடும். அடகுக்கடையில் சட்டம் அனுமதிக்கும் வட்டி மாதம் 2 விழுக்காடு வரை. ஆ லோங்கிடம் சட்டமே கிடையாது.

கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கென்யா நல்ல சான்று. அங்கே 2007இல் 'எம்-பெசா' என்ற கைப்பேசிப் பணச் சேவை தொடங்கியது. சாதாரணக் கைப்பேசியிலேயே பணம் அனுப்பலாம், வைத்திருக்கலாம். தவ்னீத் சூரி, வில்லியம் ஜேக் ஆகிய இரு பொருளியலாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். வேலை இழப்பு, நோய் போன்ற அதிர்ச்சி வந்தபோது இச்சேவை இல்லாத குடும்பங்களின் நுகர்வு ஏறக்குறைய 7 விழுக்காடு குறைந்தது. சேவை உள்ள குடும்பங்களில் அப்படிக் குறையவில்லை. உறவினர்கள் உடனே பணம் அனுப்ப முடிந்ததே காரணம். 2016இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, இச்சேவை 1,94,000 குடும்பங்களை வறுமையிலிருந்து மீட்டது. அது கென்யக் குடும்பங்களில் 2 விழுக்காடு.

நம் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோட்டத் தொழிலாளர்கள் சிறுசிறு தவணைகளாகப் பங்குப்பணம் கட்டினார்கள். அந்தப் பணம் சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. அதுவும் தவணைதான். ஆனால் தவணை முடிந்தபோது அவர்கள் பெயரில் ஒரு சொத்து இருந்தது. பொருள் தேய்ந்துபோக, தவணை மட்டும் மிஞ்சும் நிலை அங்கே இல்லை.

ஆகவே தவணை நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. எதற்காக, மொத்தம் எவ்வளவு, முடிவில் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்க வேண்டும்.

பாடம் நடத்தினால் போதுமா?

நிதியறிவைப் பள்ளியில் கற்றுக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அறிவியல் ஆசிரியை என்ற முறையில் ஆதாரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2014இல் பெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் ஆகியோர் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நிதியறிவு வகுப்புகள் மக்களின் பண நடத்தையில் காணும் வேறுபாடுகளில் 0.1 விழுக்காட்டை மட்டுமே விளக்கின. பல மணி நேரம் நடத்திய வகுப்புகளின் பயனும் 20 மாதங்களுக்குப் பின் ஏறக்குறைய மறைந்துவிட்டது. முடிவெடுக்கும் நேரத்துக்கு அருகில் கற்றுக்கொடுப்பதே பலன் தரலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2022இல் கைசர், லுசார்டி உள்ளிட்ட குழுவினர் மேலும் கறாரான முறையில் நடத்தப்பட்ட 76 சோதனைகளை மட்டும் தொகுத்தார்கள். அவற்றில் 1,60,000க்கும் அதிகமானோர் கலந்துகொண்டிருந்தார்கள். இம்முறை வகுப்புகளுக்கு உறுதியான நல்ல விளைவு தெரிந்தது. அறிவு மட்டுமல்ல, நடத்தையும் மாறியது.

இரண்டு முடிவுகளும் மோதிக்கொள்கின்றனவே என்று குழம்ப வேண்டாம். அறிவியல் இப்படித்தான் வளர்கிறது. நான் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று: கற்பித்தல் வீண் அல்ல. ஆனால் எப்போது, எப்படிக் கற்பிக்கிறோம் என்பது முக்கியம்.

மூன்றாம் படிவக் கணிதத்தில் சேமிப்பு, முதலீடு, கடன் பற்றிய பயனீட்டாளர் கணிதம் ஒரு பாடமாகவே இருக்கிறது. நான்காம் படிவத்தில் நிதி நிருவாகம் வருகிறது. பாடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தேர்வு முடிந்ததும் அது மூடப்பட்ட புத்தகம். நிலுவைத் தொகை, வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் அங்கே அச்சிட்ட எண்கள். அவை கைப்பேசித் திரையில் வண்ணப் பொத்தானாக வரும்போது மாணவர் அதை அடையாளம் காண்பதில்லை.

என் மூன்று கோரிக்கைகள்

முதலாவது அரசாங்கத்துக்கும் நிறுவனங்களுக்கும். 2025இல் நுகர்வோர் கடன் சட்ட மசோதாவை நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' சேவைகளும் முறையான கண்காணிப்புக்குள் வர அது வழி வகுக்கிறது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை. அதோடு ஓர் எளிய விதியையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து: மாதத் தொகை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, மொத்தத் தொகையும் அதே அளவு எழுத்தில், அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உணவுப் பொட்டலத்தில் சர்க்கரை அளவைக் காட்டச் சொல்கிறோம். கடன் பொட்டலத்தில் வட்டியின் அளவைக் காட்டச் சொல்வதில் என்ன தவறு?

இரண்டாவது பள்ளிகளுக்கு. எஸ்.பி.எம். தேர்வு முடிந்து மாணவர்கள் வெளியேறும் அந்தக் கடைசி வாரங்களில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். உண்மையான வாடகைக் கொள்முதல் படிவத்தையும், உண்மையான கடன்பற்று அட்டை அறிக்கையையும் மேசைமேல் வைத்து வாசிக்கச் சொல்லலாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. எனும் கடன் ஆலோசனை அமைப்பின் உதவியையும் நாடலாம். கையெழுத்துப் போடும் நாளுக்கு அருகில் கற்ற பாடம் நினைவில் நிற்கும்.

மூன்றாவது உங்களுக்கு. வாங்கும் பொத்தானை அழுத்துமுன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். ஒன்று, மாதத் தொகையை மாதங்களால் பெருக்கிய மொத்தம். இரண்டு, அந்த மொத்தத்துக்கும் ரொக்க விலைக்கும் உள்ள வேறுபாடு. மூன்று, ஏற்கனவே கட்டிக்கொண்டிருக்கும் மற்றத் தவணைகளின் கூட்டுத்தொகை. எழுதிவிட்டு ஒரு நாள் இரவு தூங்கி எழுங்கள். காலையிலும் வேண்டும் என்று தோன்றினால், அது ஆசையின் வேகத்தில் எடுத்த முடிவாக இருக்காது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்களில் பலர் வீட்டிலேயே கைப்பேசியை நன்றாகக் கையாளத் தெரிந்தவர்கள். அம்மாவுக்குச் செயலி பதிவிறக்கிக் கொடுப்பவர் நீங்கள். பாட்டியின் மின்பணப்பையைத் திறந்து கொடுப்பவரும் நீங்கள்தான். அவர்களுக்கு அந்தக் கதவைத் திறந்துவிடும்போது கணக்கையும் சேர்த்துக் காட்டுங்கள். இந்த வாரம் வீட்டில் கட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு தவணையை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியாக இருக்கலாம், மோட்டார் சைக்கிளாக இருக்கலாம், கைப்பேசியாக இருக்கலாம். பெற்றோரின் அனுமதியோடு ரசீதுகளைப் பார்த்து அதன் ரொக்க விலை, மொத்த விலை, உண்மையான ஆண்டு வட்டி மூன்றையும் கண்டுபிடியுங்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்காக அல்ல, அடுத்த முறை கடைக்குப் போகும்போது வீட்டில் ஒருவராவது "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்பதற்காக.